"ரத்தக் கசிவு இல்லை" என்பது பாதி ரிப்போர்ட்தான்

இரவு டியூட்டியில் பக்கவாதம் (ஸ்ட்ரோக்) வந்தவருக்குச் சிடி ஸ்கேன் ஓடிக்கொண்டிருக்கும்போது கேஷுவாலிட்டியிலிருந்து வரும் முதல் கேள்வி எப்போதும் ஒன்றுதான். "மேடம், ப்ளீட் இருக்கா, இல்லையா?" இல்லை என்று சொன்னதும் போனை வைத்துவிடுவார்கள். அவர்களுடைய அவசரம் நியாயமானது. ஆனால் அதே படத்தில் இன்னும் நிறைய இருக்கிறது. அடைப்பு எந்த ரத்தக்குழாயில், அடைத்த ரத்தக்கட்டி எவ்வளவு நீளம், மூளையில் எவ்வளவு பகுதி ஏற்கெனவே போய்விட்டது, எவ்வளவு இன்னும் உயிரோடு காத்திருக்கிறது. ஊசி மட்டும் போதுமா, அல்லது கட்டியை உருவி எடுக்கிற இடத்துக்கு இப்போதே வண்டி ஏற்ற வேண்டுமா என்பதை இவைதான் தீர்மானிக்கின்றன.

நான் தென்மாவட்டம் ஒன்றின் அரசு மருத்துவமனையில் ரேடியாலஜிஸ்ட். எங்களிடம் நல்ல சிடி இருக்கிறது, கட்டியைக் கரைக்கும் ஊசி இருக்கிறது. தொடை வழியாகக் குழாய் விட்டு மூளையிலிருந்து கட்டியை எடுக்கும் திராம்பெக்டமி வசதி இல்லை. அதற்குப் பெரிய ஊருக்குத்தான் அனுப்ப வேண்டும். அதனால் நான் எழுதுகிற நாலு வரியை வைத்துத்தான் ஒரு குடும்பம் நடுராத்திரியில் ஆம்புலன்ஸில் ஏறுகிறது, அல்லது ஏறாமல் இங்கேயே இருக்கிறது. இந்தப் பதிவை எழுதுவதற்குக் காரணம் அதுதான்.

"கசிவு இருக்கா, இல்லையா" என்று மட்டும் கேட்கிற பழக்கத்துக்கு ஒரு வரலாறு உண்டு. 1995இல் அமெரிக்காவின் என்ஐஎன்டிஎஸ் ஆய்வு வெளியானது. பக்கவாதம் வந்து 3 மணி நேரத்துக்குள் கட்டியைக் கரைக்கும் அல்டிப்ளேஸ் ஊசியைக் கொடுத்தால் ஊனமில்லாமல் மீள்பவர்கள் அதிகம் என்று அது காட்டியது. அந்த ஆய்வில் சிடிக்கு இருந்த முக்கிய வேலை கசிவு இல்லை என்று உறுதி செய்வது. எந்தக் குழாய் அடைத்திருக்கிறது என்று யாரும் பார்க்கவில்லை. 2008இல் எக்காஸ் 3 ஆய்வு அந்த நேரத்தை 4.5 மணி வரை நீட்டியது. கையில் இருந்தது ஒரே மருந்து என்பதால் கேள்வியும் ஒன்றாகவே இருந்தது. 2015இல் நெதர்லாந்தின் எம்ஆர் கிளீன் தொடங்கி, கனடாவின் கால்கரியில் மயங்க் கோயல் முன்னின்று நடத்திய எஸ்கேப் உட்பட, ஐந்து ஆய்வுகள் அடுத்தடுத்து வந்தன. பெரிய குழாய் அடைத்தவர்களுக்குக் கட்டியை எடுத்துவிட்டால் பலன் மிக அதிகம் என்று அவை காட்டிவிட்டன. கையில் இரண்டு சிகிச்சை வந்தபிறகும் கேள்வி பழையபடியே நிற்கிறது.

ஒரு படத்தை வைத்துச் சொல்கிறேன். ஐம்பதைத் தாண்டிய ஒரு விவசாயி. விடியற்காலையில் மாட்டுத் தொழுவத்தில் விழுந்து கிடந்தார். வலது கை, கால் இரண்டும் துவண்டுவிட்டன, பேச்சு சுத்தமாக நின்றுவிட்டது. கூட வந்த அம்மா டேபிள் பக்கத்திலேயே நின்றுகொண்டு, "காப்பி குடிச்சப்போகூட நல்லாத்தான் பேசினாரு, டாக்டரம்மா" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். அந்தக் காப்பி எத்தனை மணிக்கு என்று கேட்டேன். பால் வண்டி வந்த நேரம் என்றார். பால் வண்டிக்காரருக்கு மகன் போன் போட்டார். இப்படித்தான் எங்களுக்கு நேரம் கிடைக்கிறது. விழுந்ததை யார் பார்த்தார்கள் என்பதைவிட, கடைசியாக நன்றாக இருந்ததை யார் பார்த்தார்கள் என்பதுதான் கணக்கு.

படம் வந்தது. மூளைத் திசுவில் பார்த்த மாத்திரத்தில் எதுவும் தெரியவில்லை. கசிவு இல்லை. ஆனால் இடது பக்கம், நடுமூளைத் தமனி கிளம்புகிற இடத்தில் ஒரு வெள்ளைக் கோடு. வலது பக்கம் அதே இடத்தில் அதே தமனி சாம்பல் நிறத்தில் சாதாரணமாக இருந்தது. இதைத்தான் ஹைப்பர்டென்ஸ் எம்சிஏ சைன் (எம்சிஏ என்பது நடுமூளைத் தமனி) என்கிறோம். 1983இலேயே விவரித்துவிட்ட அறிகுறி இது.

ஏன் வெள்ளையாகத் தெரிகிறது? சிடியில் ஒவ்வொரு புள்ளிக்கும் ஹவுன்ஸ்ஃபீல்ட் எண் ஒன்று உண்டு. 1971 அக்டோபரில் லண்டனில் ஒரு நோயாளியின் மூளையை முதன்முதலாகப் படம் பிடித்த கருவியை உருவாக்கிய காட்ஃப்ரி ஹவுன்ஸ்ஃபீல்டின் பெயர்தான் அது. தண்ணீர் 0. ஓடுகிற ரத்தம் ஏறக்குறைய 40. ரத்தம் உறையும்போது சீரம் பிழியப்பட்டு வெளியேறிவிடுகிறது, சிவப்பணுக்கள் நெருங்கி அடைகின்றன. அதனால் கட்டி 50 முதல் 80 வரை ஏறுகிறது. அந்த வித்தியாசம்தான் கண்ணுக்கு வெள்ளைக் கோடாகத் தெரிகிறது.

இந்த வெண்மை, அடைப்பு எங்கே என்பதோடு கட்டி எதனால் ஆனது என்பதையும் கொஞ்சம் காட்டிக் கொடுக்கிறது. சிவப்பணுக்கள் நிறைந்த கட்டி வெள்ளையாகத் தெரியும். எம்ஆர்ஐயில் பார்த்தால் அதுவே கருப்பாகப் பெருத்துத் தெரியும். இப்படிப்பட்ட கட்டி பொதுவாக மருந்துக்கும் கருவிக்கும் எளிதில் மசியும். ஃபைப்ரின் என்கிற நார்ப்புரதம் அதிகமுள்ள கட்டி சுற்றியுள்ள ரத்தத்தின் நிறத்திலேயே மறைந்து நிற்கும். அது இறுகிப் பிடித்துக்கொள்வதால் கருவியைத் திரும்பத் திரும்ப விட வேண்டி வருகிறது. அதனால்தான் "வெள்ளைக் கோடு இருந்தால் கெட்ட சகுனம்" என்று பாடப்புத்தகத்தில் படித்துவிட்டு வரும் பிஜி மாணவர்களிடம் நான் அப்படியே விட்டுவிடுவதில்லை. பெரிய குழாய் அடைத்திருப்பதால்தான் அது கெட்டது. கட்டியின் குணத்தைப் பார்த்தால் எடுப்பதற்கு வசதியானதாகவும் இருக்கலாம்.

அப்புறம் நீளம். 2011இல் ஜெர்மனியின் கீல் நகரக் குழு ஒன்று மெல்லிய சிடி வெட்டுகளில் கட்டியின் நீளத்தை அளந்து பார்த்தது. 8 மில்லிமீட்டரைத் தாண்டிய கட்டியை ஊசி மருந்து மட்டும் கரைத்துத் திறப்பதற்கு ஏறக்குறைய வாய்ப்பே இல்லை என்பது அவர்கள் கண்டது. பின்னால் வந்த ஆய்வுகளில் அதைவிட நீளமானவையும் சில திறந்திருக்கின்றன. அதனால் 8 என்பது கறாரான கோடு அல்ல. ஆனால் நீளம் கூடக் கூட வாய்ப்பு குறைகிறது என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. இடமும் அதே மாதிரிதான். கால்கரியில் 2010இல் ரோஹித் பாட்டியா உள்ளிட்டோர் வெளியிட்ட கணக்கில், ஊசி மட்டும் போட்டபோது நடுமூளைத் தமனியின் முதல் பகுதி (எம்1) உடனடியாகத் திறந்தது சுமார் 32 சதவீதம் பேருக்கு. கழுத்திலிருந்து வரும் கரோட்டிட் தமனி மூளைக்குள் பிரிகிற முனையில் அடைத்திருந்தால் 4 சதவீதத்தை ஒட்டித்தான். நூற்றுக்கு நாலு பேர். இந்த எண்ணைத் தெரிந்துகொண்ட பிறகு, கரோட்டிட் முனையில் வெள்ளையாகத் தெரிகிற ஒருவரை "ஊசி போட்டிருக்கிறோம், காலையில் பார்க்கலாம்" என்று வார்டில் படுக்க வைக்க எனக்கு மனம் வருவதில்லை.

அந்த விவசாயியின் கட்டி ஒரு சென்டிமீட்டருக்கு மேல் இருந்தது. போனில் பொது மருத்துவ டாக்டரிடம் சொன்னேன்: "சார், ப்ளீட் இல்லை. லெஃப்ட் எம்1 ஹைப்பர்டென்ஸ், நீளமான கட்டி. ஆஸ்பெக்ட்ஸ் 9. ஊசியைப் போட்டுட்டே அனுப்புறதுக்கு ஏற்பாடு பண்ணுங்க." அவர் பலன் தெரியும்வரை காத்திருக்கவில்லை. ஊசியைப் போட்டுவிட்டு 108க்குச் சொல்லிவிட்டார். விவசாயி பெரிய ஊரில் போய் இறங்கும்போதும் குழாய் திறந்திருக்கவில்லை. கட்டியை அங்கே எடுத்தார்கள். சில மாதம் கழித்து மகனோடு ஓபிக்கு நடந்து வந்தார். வார்த்தைகள் இன்னும் தட்டுப்படுகின்றன, ஆனால் பேசுகிறார்.

ஊசியிலும் இப்போது மாற்றம் வந்திருக்கிறது. அல்டிப்ளேஸை எடைக்கு ஏற்பக் கணக்குப் போட்டு, பத்தில் ஒரு பங்கை முதலில் செலுத்தி, மீதியை ஒரு மணி நேரம் பம்பில் ஓடவிட வேண்டும். ஆம்புலன்ஸில் பம்போடு போவது சிரமம். அதே வேலையைச் செய்யும் டெனெக்டிப்ளேஸ் ஒரே தள்ளில் முடிந்துவிடும். 2018இல் வந்த எக்ஸ்டென்ட்-ஐஏ டிஎன்கே ஆய்வில், கட்டி எடுக்கப் போவதற்கு முன்பே ரத்த ஓட்டம் கணிசமாகத் திரும்பியவர்கள் டெனெக்டிப்ளேஸில் 22 சதவீதம், அல்டிப்ளேஸில் 10 சதவீதம். எங்களைப் போல ஊசியைப் போட்டு அனுப்புகிற மருத்துவமனைகளுக்கு இது பெரிய விஷயம்.

சரி, ஆஸ்பெக்ட்ஸ் 9 என்றேனே, அது என்ன? 2000இல் கால்கரிக்காரர்கள் கொடுத்த மதிப்பெண் முறை. நடுமூளைத் தமனி ரத்தம் கொடுக்கும் பகுதியைப் பத்தாகப் பிரித்து, கெட்டுப்போன ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு மதிப்பெண் குறைக்க வேண்டும். 10 என்றால் படத்தில் சேதம் எதுவும் தெரியவில்லை. 0 என்றால் அந்தப் பகுதி முழுவதும் போய்விட்டது. கேட்க எளிது, பார்க்கக் கஷ்டம். ரத்தம் போகாத திசுவில் தண்ணீர் 1 சதவீதம் கூடினால் ஹவுன்ஸ்ஃபீல்ட் எண் இறங்குவது 2.5 அளவுதான். சாம்பல் பகுதிக்கும் வெள்ளைப் பகுதிக்கும் இடையிலுள்ள எல்லை லேசாக மங்கும், அவ்வளவே. முதலில் நான் பார்ப்பது இன்சுலாவை. காதுக்கு நேர் உள்ளே, மடிப்புக்குள் ஒளிந்திருக்கிற அந்த மெல்லிய பட்டை ஒரு பக்கம் தெளிவாகவும் மறுபக்கம் அழிந்தும் இருக்கும். அதற்கு அடுத்ததாக, மூளையின் ஆழத்தில் இருக்கும் லென்டிஃபார்ம் கருவின் விளிம்பு.

இதைப் பார்க்க விண்டோவை, அதாவது திரையில் காட்டும் ஹவுன்ஸ்ஃபீல்ட் எண்களின் வரம்பை, குறுக்க வேண்டும். வழக்கமான மூளை விண்டோவில் 80 எண்கள் கருப்புக்கும் வெள்ளைக்கும் இடையில் பரவியிருக்கும். அதை 40க்கு, அதற்கும் கீழே இறக்கினால் மங்கல் எழுந்து வரும். 1999இலேயே இதைச் சோதித்துவிட்டார்கள். வழக்கமான விண்டோவில் 57 சதவீதம் பேரிடம் தெரிந்த ஆரம்பச் சேதம், விண்டோவை மாற்றி மாற்றிப் பார்த்தபோது 71 சதவீதம் பேரிடம் தெரிந்தது. மவுஸை இழுக்கிற அந்தச் சில நொடிக்கு இவ்வளவு மதிப்பு. எங்கள் துறைக்கு வரும் பிஜிக்களுக்கு நான் முதலில் கற்றுத் தருவது இதைத்தான்.

வெட்டின் தடிமனும் அதே அளவு முக்கியம். தமனியின் குறுக்களவே 3 மில்லிமீட்டரை ஒட்டித்தான். 5 மில்லிமீட்டர் வெட்டில் அந்தக் கட்டி பக்கத்துத் திரவத்தோடு கலந்து சராசரியாகி மறைந்துவிடும். 1 மில்லிமீட்டர் வெட்டில் பளிச்சென்று நிற்கும். மெஷின் எப்படியும் மெல்லியதாகத்தான் எடுக்கிறது. அதைச் சேமித்து அனுப்பச் சொன்னால் போதும்.

என் வருத்தமும் இங்கேதான். வெளியே ஏதோ ஒரு சென்டரில் ஸ்கேன் எடுத்துவிட்டு வருகிறவர்கள் பெரிய கவரில் பிலிமோடு வருவார்கள். 5 மில்லிமீட்டர் வெட்டு, மாற்ற முடியாத விண்டோவில் அச்சடித்தது. "ரத்தக் கசிவு இல்லை. மற்றபடி இயல்பு" என்று ஒரு ரிப்போர்ட். அந்தப் பிலிமை ட்யூப்லைட் முன் பிடித்து போனில் படமெடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புவார்கள். அதில் இன்சுலாவைத் தேடுவது நடக்காத காரியம். மறுபடியும் டேபிளில் ஏற்ற வேண்டும், நேரம் போகும். பெரிய குழாய் அடைத்த ஒருவருக்கு நிமிடத்துக்குச் சுமார் 19 லட்சம் நியூரான்கள் சாகின்றன என்று 2006இல் ஜெஃப்ரி சேவர் கணக்கிட்டார். உங்கள் வீட்டில் யாருக்காவது இப்படி நேர்ந்து, வேறு மருத்துவமனைக்கு மாற்ற வேண்டி வந்தால், பிலிமோடு ஸ்கேன் படங்கள் பதிந்த டிஸ்க்கையும் கேட்டு வாங்குங்கள். கேட்டால் கொடுப்பார்கள்.

ரத்தசோகை பற்றியும் ஒரு வார்த்தை. நம் ஊர்ப் பெண்களில் நிறையப் பேருக்கு ஹீமோகுளோபின் குறைவு. அவர்களுடைய ஓடும் ரத்தமே 30ஐ ஒட்டித்தான் இருக்கும். அவர்களிடம் கட்டி 43ஐத் தொடாமலே நிற்கலாம். "43க்கு மேல் இருந்தால்தான் ஹைப்பர்டென்ஸ்" என்று எண்ணைப் பிடித்துக்கொண்டால் அது தப்பிவிடும். மாறாக ரத்தம் கெட்டியாக இருப்பவர்களுக்கு இரண்டு பக்கமும் எல்லாத் தமனியும் வெள்ளையாகவே தெரியும், அங்கே அடைப்பு இருக்காது. அதனால் எதிர்ப்பக்கத் தமனியோடு ஒப்பிட்டுத்தான் முடிவு செய்ய வேண்டும்.

இதையெல்லாம் பார்த்தபிறகும் ஒரு கேள்வி நிற்கும். ஒரே மாதிரி அடைப்பு, ஒரே நேரம். ஒருவருக்கு ஆஸ்பெக்ட்ஸ் 9, இன்னொருவருக்கு 4. ஏன்? பக்கக் குழாய்கள்தான் காரணம். தலைவாய்க்கால் அடைத்துக்கொண்டாலும் பக்கத்து வயலின் மடை வழியாகத் தண்ணீர் கசிந்து வந்து பயிரைக் கொஞ்ச நாள் காப்பாற்றுகிற மாதிரி, மூளையின் மேற்பரப்பில் உள்ள சிறு தமனிகள் பின்பக்கமாக ரத்தத்தைக் கொண்டுவரும். சிலருக்கு அது தாராளம், சிலருக்கு இல்லவே இல்லை. சாயம் செலுத்தி எடுக்கும் சிடி ஆஞ்சியோவை ஒரே தடவையோடு நிறுத்தாமல், சில நொடி இடைவெளியில் மூன்று கட்டமாக எடுத்தால் இது கண்ணுக்குத் தெரியும். அடைப்புக்கு அப்பால் சாயம் தாமதமாகவேனும் நிறைந்தால் அந்த மூளை காத்துக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம்.

கடிகாரத்தை மட்டும் நம்பக்கூடாது என்று ஆய்வுலகம் ஒப்புக்கொண்டது 2018இல் வெளியான டான், டிஃப்யூஸ் 3 ஆய்வுகளுக்குப் பிறகு. டான் ஆய்வில் 24 மணி நேரம் வரை, டிஃப்யூஸ் 3இல் 16 மணி நேரம் வரை. செத்த பகுதி சிறியது, ஆபத்தில் இருக்கும் பகுதி பெரியது என்று படம் காட்டியவர்களைத் தேர்ந்தெடுத்துக் கட்டியை எடுத்தார்கள். டானில் 90 நாள் கழித்துத் தன் வேலையைத் தானே பார்த்துக்கொள்ளும் நிலையில் இருந்தவர்கள் 49 சதவீதம், எடுக்காதவர்களில் 13 சதவீதம். ஸ்ட்ரோக் சிகிச்சையில் இவ்வளவு பெரிய வித்தியாசம் அபூர்வம்.

தூக்கத்திலிருந்து எழும்போதே கை விழுந்துவிட்டவர்களுக்கு எம்ஆர்ஐ கைகொடுக்கிறது. டிஃப்யூஷன் படத்தில் சேதம் சில நிமிடங்களிலேயே வெள்ளையாகத் தெரிந்துவிடும். ஃபிளேர் படத்தில் தெரியச் சில மணி நேரம் ஆகும். முதலாவதில் வெள்ளை, இரண்டாவதில் ஒன்றுமில்லை என்றால், நிகழ்ந்து 4.5 மணி நேரத்துக்குள்தான் இருக்கும் என்று பெரும்பாலும் நம்பலாம். 2018இன் வேக்-அப் ஆய்வு இந்த அறிகுறியை மட்டும் வைத்து ஊசி போட்டது. நல்லபடி மீண்டவர்கள் 53 சதவீதம், ஊசி போடாதவர்களில் 42. "எப்ப வந்ததுன்னு தெரியல, அதனால ஊசி கிடையாது" என்று ஒருவரைத் திருப்பி அனுப்புவதற்கு முன்னால் எம்ஆர்ஐக்கு ஒரு போன் போட்டுப் பார்க்கலாம்.

ஆஸ்பெக்ட்ஸ் 6க்குக் கீழே போனால் கையை விரித்துவிடும் வழக்கமும் மாறிவருகிறது. 2022இல் ஜப்பானில் 3 முதல் 5 வரை மதிப்பெண் உள்ளவர்களுக்கும் கட்டியை எடுத்துப் பார்த்தார்கள். பிறர் துணையில்லாமல் நடக்கும் அளவுக்காவது தேறியவர்கள் 31 சதவீதம், எடுக்காதவர்களில் 13ஐ ஒட்டி. மூளைக்குள் கசிவு அதிகமானது உண்மை. ஆனாலும் வீட்டுக்குள் நடமாட முடிவது அந்தக் குடும்பத்துக்கு எவ்வளவு பெரியது என்பது வார்டில் நிற்பவர்களுக்குத் தெரியும். அதனால் 4 என்று எழுதும்போது, "அனுப்பிப் பலன் இல்லை" என்ற வரியை நான் சேர்ப்பதில்லை. முடிவை எடுக்கப் போகிறவரோடு போனில் பேசிவிடுகிறேன்.

கடைசியாக, சிகிச்சைக்கு மறுநாள் எடுக்கும் சிடி. 24 மணி நேரம் கழித்து அது கட்டாயம். அதற்கு முன் ஆஸ்பிரின் தொடங்குவதில்லை. கட்டி எடுத்துத் திரும்பி வருபவர்களின் படத்தில் சில நேரம் லென்டிஃபார்ம் கருவே பளீரென்று வெள்ளையாக இருக்கும். பார்த்தவுடன் கசிவு என்று பதறத் தோன்றும். பல நேரம் அது ரத்தமல்ல, சிகிச்சையின்போது செலுத்திய சாயம் பழுதான குழாய்ச் சுவர் வழியாகத் திசுவுக்குள் இறங்கி நிற்பது. இரட்டை ஆற்றல் சிடி இருக்கும் இடத்தில் சாயத்திலுள்ள அயோடினையும் ரத்தத்தையும் உடனே பிரித்துவிடலாம். எங்களிடம் அது இல்லை. எனவே பக்கத்துத் திசு தள்ளப்பட்டிருக்கிறதா என்று பார்த்துவிட்டு, அடுத்த நாள் இன்னொரு படம் கேட்பேன். சாயமாக இருந்தால் அதற்குள் மங்கியிருக்கும். ரத்தம் அவ்வளவு சீக்கிரம் போகாது. எது என்று தெரிந்தபிறகுதான் ஆஸ்பிரின் சீட்டு வார்டுக்குப் போகும்.